பொத்தானுக்குள் எழுதியிருப்பது: ஹைபர்கார்டும் அமெச்சூரின் அரசியலும்

வாசகர்தான் இனி எழுதுபவர் என்று நம் சிறுபத்திரிகைகள் எழுதத் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ரோலான் பார்த்தைப் படித்தோம். ஆசிரியரைச் சாகடித்தோம். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் முடித்துவிட்டு அடுத்த சிந்தனையாளரிடம் போய்விட்டோம். செத்துப்போனவர் வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பிரதி திறந்தது, பன்முகமானது, முடிவற்றது என்று சொல்வது ஒரு விஷயம். அந்தப் பிரதியைச் செய்த கருவி திறந்திருக்கிறதா, படிக்கிற ஆளே அதைக் கையிலெடுத்து இன்னொன்றைச் செய்ய முடியுமா என்பது வேறு விஷயம். முதலாவதைப் பற்றி டன் கணக்கில் எழுதியாயிற்று. இரண்டாவதைப் பேச எனக்குக் கோட்பாட்டாளர்களைவிட உதவியாக இருப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர் சமாச்சாரம். பெயர் ஹைபர்கார்டு.

தோழர்கள் சிலர் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று தெரியும். அமெரிக்கக்காரன் பொழுதுபோகாமல் வீட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த விளையாட்டுச் சாமானுக்கும் நம்ம அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் 'பொழுதுபோகாமல்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

1987 ஆகஸ்ட்டில் ஆப்பிள் கம்பெனி ஹைபர்கார்டை வெளியிட்டது. எழுதியவர் பில் அட்கின்சன். மக்கின்டாஷில் படம் வரையும் மேக்பெயின்ட் நிரலை 1984-இல் தந்தவரும் இவர்தான். 2025 ஜூனில் காலமானார். புதிதாக விற்கிற ஒவ்வொரு மக்கின்டாஷோடும் இதைச் சும்மா தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அமைப்பு மிக எளிது. திரையில் ஓர் அட்டை. 512 புள்ளி அகலம், 342 புள்ளி உயரம், கறுப்பு வெள்ளை. அதில் படம் வரையலாம், எழுத்துக்கு ஒரு கட்டம் போடலாம், ஒலி சேர்க்கலாம், பொத்தான் வைக்கலாம். பொத்தானைச் சொடுக்கினால் இன்னொரு அட்டைக்குப் போகும். அட்டைகள் சேர்ந்தது ஒரு கட்டு, அவர்கள் பாஷையில் ஸ்டாக். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு பள்ளி ஆசிரியர்கள் பாடம் செய்தார்கள், யாரோ பாட்டி சமையல் குறிப்பைக் கட்டினார், யாரோ பறவைகளின் சத்தத்தைச் சேர்த்தார், யாரோ கதை சொன்னார். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை இவர்கள். 800 கிலோபைட் ஃபிளாப்பியில் அடங்குகிற சின்னச் சின்ன வேலைகள். பெர்க்லி போன்ற ஊர்களில் மக்கின்டாஷ் உபயோகிப்போர் சங்கங்கள் இருந்தன. அங்கே ஃபிளாப்பியில் நகலெடுத்துக் கைக்குக் கை மாற்றிக்கொண்டார்கள். முதல் அட்டையில் செய்தவர் பெயரும் தபால் முகவரியும் இருக்கும், பிடித்திருந்தால் நாலு டாலர் அனுப்புங்கள் என்று ஒரு வரி இருக்கும். நம்ம பத்திரிகைகளின் பின்னட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுச் சந்தா கேட்ட மாதிரிதான்.

நிற்க. முக்கியமான சங்கதி இனிமேல்தான். ஒருவர் செய்த கட்டை நீங்கள் பார்க்கிறீர்கள். ஒரு பூனை மரத்தில் ஏறுகிறது. எப்படி ஏறியது? விசைப்பலகையில் இரண்டு விசைகளை அழுத்திக்கொண்டு அந்த இடத்தைச் சொடுக்கினால், பொத்தானுக்குள் எழுதியிருக்கிற ஸ்கிரிப்ட் அப்படியே கண்முன் திறக்கும். இரண்டு மூன்று வரிதான் இருக்கும். அதை அங்கேயே மாற்றலாம். மாற்றியது உடனே வேலை செய்யும். பொத்தானை நகலெடுத்து உங்கள் கட்டில் ஒட்டினால், ஸ்கிரிப்ட்டும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். அதாவது ஒருத்தருடைய வாக்கியத்தை மட்டுமல்ல, அந்த வாக்கியத்தை எழுதிய கையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: ஹைபர்கார்டில் நீங்கள் 'சேமி' என்று கட்டளை தரவே வேண்டாம். செய்கிற மாற்றம் செய்த கணத்தில் தானாகப் பதிவாகிவிடும். கையெழுத்துப் பிரதி, அச்சுப் பிரதி என்ற வித்தியாசமே அங்கே கிடையாது. படித்துக்கொண்டே இருந்தவர் எந்த நொடியில் எழுதுபவர் ஆனார் என்று கோடு கிழிக்க முடியாது.

இதை விட்டுவிட்டுக் கோட்பாட்டுக்காரர்கள் எதைக் கொண்டாடினார்கள் என்று பாருங்கள். 1991-இல் ஜே டேவிட் போல்ட்டர், 1992-இல் ஜார்ஜ் லேண்டோ, அதே 1992-இல் நியூயார்க் டைம்ஸில் ராபர்ட் கூவர். மூன்று பேரும் அறிவித்தது ஒன்றுதான்: பார்த்தும் தெரிதாவும் கனவு கண்ட பிரதி கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது, வாசகர் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்கிறார், ஆசிரிய அதிகாரம் உடைந்தது. உதாரணமாகக் காட்டப்பட்டது பெரும்பாலும் மைக்கேல் ஜாய்ஸின் 'ஆஃப்டர்நூன்' கதை. 500-க்கும் மேற்பட்ட துண்டுகள், அவற்றுக்கிடையே இணைப்புகள். நல்ல படைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் வாசகர் என்ன செய்கிறார்? ஒரு சொல்லைச் சொடுக்குகிறார். எங்கே போகும் என்று முன்கூட்டி முடிவு செய்துவைத்தவர் ஜாய்ஸ். எந்தத் துண்டை எதற்கப்புறம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளையும் அவரே உள்ளே எழுதி வைத்திருக்கிறார்; வாசகர் கண்ணுக்கு அது தெரியாது. அச்சுப் புத்தகத்திலாவது கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்க்கலாம். இங்கே அதுவும் முடியாது. செத்துப்போனதாக அறிவிக்கப்பட்ட ஆசிரியர் பேயாக வந்து வாசற்படி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்திருக்கிறார். 1997-இல் எஸ்பென் ஆர்செத் இந்த விடுதலைப் பேச்சைக் கொஞ்சம் உலுக்கினார். அவரும் அக்கறைப்பட்டது படிக்கிற ஆளின் உழைப்பைப் பற்றித்தான், பெரும்பாலும்.

ஒரு கிளைக்கதை. 'ஆசிரியரின் மரணம்' கட்டுரை முதலில் வந்தது பிரெஞ்சில் அல்ல, ஆங்கில மொழிபெயர்ப்பில். அதுவும் 1967-இல் 'ஆஸ்பென்' என்ற அமெரிக்கச் சிறுபத்திரிகையில். அந்தப் பத்திரிகை புத்தக வடிவில் வந்ததில்லை. ஓர் அட்டைப்பெட்டி. 5-6 இரட்டை இதழின் பெட்டியைத் திறந்தால் 8 மி.மீ. படச்சுருள், பெக்கெட்டின் எழுத்தும் பரோஸின் குரலும் பதிவான இசைத்தட்டுகள், தனித்தனி அச்சுத் தாள்கள். பார்த்தின் கட்டுரை அவற்றில் ஒரு சின்னப் புத்தகம். எந்த வரிசையில் எடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கட்டுரையைத் தொகுப்பு நூல்களில் மட்டும் படித்துவந்த நமக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. கோட்பாடு பேராசிரியர்கள் கைக்கு வரும்போது பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறது. சிந்தனை மட்டும் போதுமாம், சாமான் வேண்டாமாம்.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம். அடோர்னோ 1969-இல் ஓய்வு நேரம் பற்றி ஒரு வானொலி உரை நிகழ்த்தினார். தனக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று கிடையாது என்று அதில் கறாராகச் சொல்கிறார். வாசிப்பதும் இசை கேட்பதும் எழுதுவதும் அவருக்கு வாழ்க்கை. அதைப் போய் ஹாபி என்பதா என்று கோபம். உழைப்பு நேரத்தின் நிழல்தான் ஓய்வு நேரம், மறுநாள் ஃபாக்டரிக்குத் திரும்பத் தயார் செய்கிற வேலைதான் அதுவும் என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓவியனை நினைத்துப் பாருங்கள், மீன் தொட்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். ஆனால் அடோர்னோவால் இப்படிப் பேச முடிந்தது அவருக்குச் சம்பளமே யோசிப்பதற்காகக் கிடைத்ததால்தான் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். தட்டெழுத்து வேலை பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கதை எழுதுகிறவர் செய்வது ஹாபியா, வாழ்க்கையா? நம்ம எழுத்தாளர்களில் முக்கால்வாசிப் பேர் தபாலாபீசிலும் டெலிபோன் இலாகாவிலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள். அவர்களை அமெச்சூர் என்று சொன்னால் அடிக்க வருவோம். ஒரு நர்ஸோ வாத்தியாரோ கம்ப்யூட்டரில் அட்டைக் கதை செய்தால் மட்டும் 'சும்மா விளையாட்டு' என்கிறோம்.

அடோர்னோவைவிட எனக்கு உறுத்தலான கேள்வியைக் கேட்டவர் ஹான்ஸ் மாக்னுஸ் என்ஸன்ஸ்பெர்கர். 1970-இல் ஊடகங்கள் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் பிரெக்டின் பழைய வானொலி வாதத்தை எடுத்துக்கொள்கிறார். வானொலியை விநியோகக் கருவியாக வைக்காமல், கேட்பவரும் பேசுகிற தொடர்புக் கருவியாக்க வேண்டும் என்று பிரெக்ட் 1932-இல் சொன்னார். என்ஸன்ஸ்பெர்கர் அதற்கு மேல் ஒரு படி போகிறார். டேப் ரெக்கார்டரும் 8 மி.மீ. கேமராவும் எல்லார் கையிலும் வந்தாயிற்று, அதனால் என்ன? தனியாளாக இருக்கிறவரை அவர் அமெச்சூராகத்தான் இருப்பார், உற்பத்தியாளர் ஆக மாட்டார். கருவி கைக்கு வந்தால் போதாது, அமைப்பு வேண்டும். இந்த அடி சரியான இடத்தில் விழுகிறது. விடுமுறையில் எடுத்த படச்சுருளை வீட்டில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதில் எந்த அதிகாரமும் அசையாது. உண்மைதான்.

ஆனால் படச்சுருளைப் பார்த்து, எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், எங்கே வெட்டினார் என்று பார்ப்பவரால் பிரித்தெடுக்க முடியாது. விளைபொருள் கைமாறும், விளைவித்த முறை கைமாறாது. ஹைபர்கார்டுக் கட்டில் இரண்டும் ஒன்றாகவே கைமாறின. ஒரு ஃபிளாப்பி பத்துப் பேரிடம் போனால், பத்துப் பேருக்கும் கதை போனது, கதை செய்யும் வழியும் போனது. கட்சி, சங்கம், தலைமை என்று என்ஸன்ஸ்பெர்கர் எதிர்பார்த்த மாதிரியான அமைப்பு இல்லை அது. ஆனால் தனிமையும் இல்லை. நுகர்வோரில் எத்தனை பேரை உற்பத்திக்கு இழுத்து வருகிறது என்பதை வைத்துத்தான் ஒரு கருவியின் தரத்தைச் சொல்ல வேண்டும் என்று வால்டர் பெஞ்சமின் 1934-இல் வாதிட்டார். அந்த அளவுகோலால் அளந்தால் 'ஆஃப்டர்நூன்' எங்கே நிற்கும், பாட்டியின் சமையல் குறிப்புக் கட்டு எங்கே நிற்கும்? எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்காக எல்லாக் கட்டையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. பெரும்பாலானவை குப்பை. ஃபிளாப்பி ஃபிளாப்பியாக அசட்டு ஜோக்குகள், அலங்கார எல்லைக்கோடுகள். கவிதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மோசமாகத்தான் எழுதுகிறார்கள். அதற்காக யாரும் எழுத்துகளை எண்ணிக் கொடுப்பதில்லை. நல்லவை என்று சொல்லத்தக்க சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

அமாண்டா குட்எனஃப் 1987-இல் செய்த 'இனிகோ கெட்ஸ் அவுட்'. ஒரு பூனை வீட்டை விட்டு வெளியே போகிறது. ஒரு சொல்கூடக் கிடையாது. எங்கே சொடுக்குவது என்று அம்புக்குறி கிடையாது. பூனையை, அது பார்க்கிற இடத்தைத் தொட வேண்டும் என்று குழந்தைக்குத் தானாகவே புரிகிறது. கோடுகள் பிசிறு பிசிறாக இருக்கும். கம்ப்யூட்டர் மெளஸைப் பிடித்து வரைந்தது என்று பார்த்தவுடனே தெரியும். அந்தப் பிசிறுதான் அழைப்பு. 'இதை நானும் செய்யலாமே' என்று பார்ப்பவரைத் தோன்ற வைக்கிறது. பளபளப்பான வேலை அப்படித் தோன்ற வைக்காது. பிறகு வாயேஜர் கம்பெனி இவருடைய கதைகளைத் தொகுத்து விற்றது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள். 1988-இல் 'த மேன்ஹோல்' செய்தார்கள். தெருவில் ஒரு சாக்கடை மூடி. சொடுக்கினால் திறந்து கொடி ஒன்று முளைத்து மேலே போகிறது. மேலேயும் ஏறலாம், கீழேயும் இறங்கலாம். அடுத்து என்ன வரையப்போகிறோம் என்று தெரியாமலே ஒவ்வொரு அட்டையாக வரைந்துகொண்டு போன வேலை அது, பார்த்தாலே தெரியும், அதுதான் அதன் உயிர். ஐந்து வருஷம் கழித்து, 1993-இல், அதே ஹைபர்கார்டை வைத்து 'மிஸ்ட்' வந்தது. வண்ணம், முப்பரிமாணம், சி.டி.ராம். 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு, நாம் சுற்றுகிற இந்தத் தீவு வாத்தியார் பாடம் செய்த அதே அட்டைக் கட்டுதான் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியத்தையே அது விட்டுவைக்கவில்லை. வெற்றி என்பது தையல் தெரியாமல் தைப்பது என்றாகிவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுச் சரித்திரங்களில் ஹைபர்கார்டுக்குக் கிடைக்கிற மரியாதையெல்லாம் 'மிஸ்ட்' அதில் செய்யப்பட்டது என்ற ஒற்றை வரியால்தான். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதில் படித்து ஜமீன்தார் ஆனவரைப் பற்றி மட்டும் பேசுவோம் என்பது போல.

மூன்றாவது டீனா லார்சனின் 'மார்பிள் ஸ்பிரிங்ஸ்', 1993. கொலராடோவில் கற்பனையான ஒரு சுரங்க ஊர், 19-ஆம் நூற்றாண்டு, அங்கே வாழ்ந்த பெண்களின் வாழ்க்கை கவிதைகளாக. சுரங்கத்தின் வரலாறு என்றால் தங்கம், வெள்ளி, முதலாளி, துப்பாக்கி. பெண்கள் கல்லறைக் கல்லில் இன்னாருடைய மனைவி என்று மட்டும் மிஞ்சுவார்கள். லார்சன் சிலருக்குக் கவிதை எழுதுகிறார், சிலரைப் பெயரோடு விட்டுவிடுகிறார். எழுதாமல் விட்டவர்களை வாசகர் எழுதலாம். அதற்கு இடம் வைத்திருக்கிறார். 'வெற்றிடம்', 'மௌனம்' என்று நாம் பிரதிகளில் தேடி அலைந்ததை இவர் கருவியின் இயல்பாகவே ஆக்கிவிட்டார். மௌனத்தை வியாக்கியானம் செய்யச் சொல்லவில்லை, நிரப்பச் சொல்கிறார். கூவர் வகையறாக்களின் திறந்த பிரதிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இப்போது மறுபக்கம். ஹைபர்கார்டை சமத்துவபுரம் ஆக்கிவிடக் கூடாது. 1987-இல் மக்கின்டாஷ் எஸ்.இ. இயந்திரத்தின் ஆரம்ப விலை 2,900 டாலர். 'எல்லாருக்குமான கம்ப்யூட்டர்' என்பதில் உள்ள 'எல்லாரும்' யார் என்று அந்தத் தொகையே சொல்லிவிடும். சும்மா தந்தார்கள் என்பது பசுவை வாங்கினால் கயிறு இலவசம் என்கிற சும்மா.

அடுத்தது மொழி. டான் விங்க்ளர் உருவாக்கிய ஹைபர்டாக் என்ற மொழியில் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். சாதாரணப் பேச்சு போலவே இருக்கும் என்பதுதான் அதன் பெருமை. 'கோ டு நெக்ஸ்ட் கார்டு' என்றால் அடுத்த அட்டைக்குப் போகும். ஒன்றை எடுத்து இன்னொன்றில் வைக்க 'புட்', 'இன்டு'. கேட்டு வாங்கின பதில் 'இட்' என்ற பெட்டியில் விழும். பொத்தான் தன்னையே குறிக்க 'மீ' என்று சொல்லும். பொத்தானுக்குத் தன்மை ஒருமை! லக்கானைப் படித்த நண்பர்கள் இதில் ஒரு வாரம் உட்காரலாம். ஆனால் யாருடைய சாதாரணப் பேச்சு? வினை முன்னே வந்து கட்டளையிட, பொருள் பின்னே ஓடிவருகிற பேச்சு அது. நமக்கோ வினை கடைசியில்தான். எதை, எங்கே, எப்படி என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் 'வை' என்போம். 'எளிமையானது' என்று சொல்லப்படுகிற எதுவும் யாரோ ஒருத்தருடைய வீட்டுப் பேச்சு என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லி ஹைபர்டாக்கை ஏகாதிபத்தியச் சதி என்று தள்ளிவிடவும் மாட்டேன். ஒரு கருவி ஒரு மொழியின் வாக்கிய அமைப்பை அவ்வளவு மதித்து அதற்குள் உட்கார முடியும் என்றால், இன்னொரு மொழியிலும் அப்படி உட்கார வைக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

உள்ளே ஒரு படிநிலையும் இருக்கிறது. பொத்தானைச் சொடுக்கினால் ஒரு செய்தி பிறக்கும். பொத்தானில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை என்றால் அது அட்டைக்குப் போகும், அங்கேயும் இல்லை என்றால் அட்டையின் பின்னணிக்கு, பிறகு கட்டுக்கு, பிறகு 'ஹோம்' என்ற வீட்டுக் கட்டுக்கு, கடைசியில் ஹைபர்கார்டுக்கே. வி.ஏ.ஓ.விடம் கொடுத்த மனு தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் ஏறுகிற மாதிரி. ஒரு வித்தியாசம்: இங்கே எந்தப் படியிலும் நீங்கள் குறுக்கே நின்று பதில் எழுதலாம். வீட்டுக் கட்டுக்கே ஸ்கிரிப்ட் எழுதலாம்.

ஆளுக்கும் படிநிலை உண்டு, ஐந்து படி. பார்ப்பது, தட்டச்சு செய்வது, வரைவது, அமைப்பது, ஸ்கிரிப்ட் எழுதுவது. வீட்டுக் கட்டின் ஓர் அட்டையில் இந்த ஐந்தும் வரிசையாக இருக்கும். எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று நீங்களே சொடுக்கித் தேர்ந்துகொள்ளலாம். வர்ணம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். பிறப்பால் வராத வர்ணம். ஒரு சொடுக்கில் கடைசிப் படியிலிருந்து முதல் படிக்கு வரலாம். 1990 வரைக்கும் அப்படி.

1990-ஐ ஒட்டி ஆப்பிள், ஹைபர்கார்டைத் தன் துணை நிறுவனமான கிளாரிஸிடம் கொடுத்தது. சும்மா தந்தால் லாபம் எங்கே? புது மக்கின்டாஷோடு வந்த பதிப்பில் மேல் படிகள் மறைக்கப்பட்டன. பார்க்கலாம், தட்டச்சு செய்யலாம். செய்ய வேண்டும் என்றால் காசு கொடுத்து முழுப் பதிப்பை வாங்க வேண்டும். ஆனால் மறைத்தவர்கள் அதை அழித்துவிடவில்லை. செய்திப் பெட்டியில் 'மேஜிக்' என்று தட்டினால் மூடியிருந்த படிகள் திறந்துகொள்ளும். இந்தச் சொல் வாய்வழியாகப் பரவியது. ஊருக்கே தெரிந்துபோனதும் கம்பெனி என்ன செய்தது? 'ஹைபர்கார்டு பிளேயர்' என்று வேறொன்றைக் கட்டி அனுப்பியது. அதில் மந்திரம் பலிக்காது. பெயரைக் கவனியுங்கள்: பிளேயர். போட்டுப் பார்ப்பது, ஓட்டிக் கேட்பது. எழுத்தறிவை இப்படி யோசித்துப் பாருங்கள்: படிக்க மட்டும் தெரிந்த குடிமக்கள் இலவசம், எழுதத் தெரிந்தவர்கள் கட்டணம். உத்தரவு போட்டுத் தடுக்கவில்லை, யாரையும் கைது செய்யவில்லை. ஒரு நிரலை இரண்டாகப் பிரித்தார்கள், அவ்வளவுதான். ஃபூக்கோவைப் படித்துவிட்டு அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பெரிய பெரிய மாளிகைகளில் தேடுகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.

அப்புறம் அது மெல்லத் தேய்ந்தது. 1996-இல் மூன்றாம் பதிப்பைக் காட்டினார்கள், வெளியிடவில்லை. 2004 மார்ச்சில் விற்பனையை நிறுத்தினார்கள். இணையம் வந்ததால் செத்தது என்பார்கள். பாதி உண்மை. அட்டைகளை ஒரே கம்ப்யூட்டருக்குள் அல்லாமல் பல கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இணைக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றாமல் போனதைப் பற்றி அட்கின்சனே 2002-இல் வருத்தத்தோடு பேசியிருக்கிறார். ஆனால் 1990-களின் வலைப் பக்கத்திலும் 'மூலத்தைக் காட்டு' என்று ஒரு கட்டளை இருந்ததே; அடுத்தவர் பக்கத்தைத் திறந்து பார்த்து, நகலெடுத்து, தன் பக்கம் கட்டிய தலைமுறை ஒன்று இருந்ததே. அதுவும் மூடப்பட்டது யாரால்? இணையத்தின் தலையில் மட்டும் பழியைப் போட்டால் கிளாரிஸ் தப்பித்துவிடும்.

திறந்து வைப்பதில் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. 1988-இல் 'புதிய ஆப்பிள் பொருட்கள்' என்ற பெயரில் ஒரு ஹைபர்கார்டுக் கட்டு சுற்றுக்கு வந்தது. ஆசையோடு திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் உலக சமாதானம் வாழ்த்தும் வைரஸ் ஒன்று குடியேறியது. மார்ச் 2 அன்று வாழ்த்தைக் காட்டிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது அது. அதற்குள் ஒரு பெரிய கம்பெனி விற்ற ஃப்ரீஹேண்ட் நிரலின் ஃபிளாப்பிகளிலும் ஏறிவிட்டது. கைக்குக் கை மாறுகிற எதிலும் இது இருக்கும். கிணற்றைப் பொதுவாக வைத்தால் யாராவது எதையாவது போடுவார்கள் என்று சொல்லி ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் விற்கிற தர்க்கம் நமக்குத் தெரிந்ததுதான். இன்றைக்கு நம் கையில் இருக்கிற செல்போன் அந்தத் தர்க்கத்தின் உச்சம். படம் எடுக்கலாம், ரீல்ஸ் போடலாம், ஒரு நாளைக்கு ஆயிரம் படைப்புகள். பார்ப்பவரும் செய்பவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்தவர் செய்ததற்குள் விரல் விட்டுத் திறந்து பார்க்க ஒரு வழி காட்டுங்கள். என்ஸன்ஸ்பெர்கரின் தனிமைப்பட்ட அமெச்சூர் இப்போதுதான் முழுமையாகப் பிறந்திருக்கிறார், கோடிக்கணக்கில்.

ஆங்காங்கே சிலர் விடாமல் இருக்கிறார்கள். கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட ட்வைனை வைத்து, விளையாட்டுக் கம்பெனிகள் வாசல் ஏற விடாத திருநங்கைகள் பலர் தங்கள் வாழ்க்கையைச் செய்தார்கள். அன்னா ஆந்த்ரோபி 2012-இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதி, சிறுபத்திரிகை செய்கிற மாதிரி எல்லாரும் விளையாட்டு செய்யலாம் என்றார். சிறுபத்திரிகை என்ற உவமை அவருக்கு எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது! ஜான் எர்னெஸ்ட் 2022-இல் டெக்கர் என்ற ஒன்றை இலவசமாகவும் மூலநிரல் திறந்ததாகவும் தந்தார். கறுப்பு வெள்ளை அட்டைகள், பொத்தான்கள், பிசிறுக் கோடுகள், அப்படியே ஹைபர்கார்டின் பேரப்பிள்ளை. பழைய நாள் ஏக்கம் என்று இதைச் சிலர் கிண்டல் செய்கிறார்கள். ஏக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, அந்த எழுத்துருவைப் பார்த்தால் தெரியும். ஆனால் டெக்கரில் ஒருவர் செய்ததை இன்னொருவர் திறந்து, பொத்தானை நகலெடுத்து, தன்னுடையதில் ஒட்டுகிறார். ஏக்கத்துக்கு இந்த வேலை தெரியாது.

பழைய கட்டுகளையும் பார்க்கலாம். 2017-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆயிரக்கணக்கானவற்றைத் திரட்டி, பழைய மக்கின்டாஷைப் போலி செய்யும் நிரலுக்குள் வைத்து, யார் வேண்டுமானாலும் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கும்படி செய்தது. நான் மணிக்கணக்கில் அங்கே கிடந்திருக்கிறேன். வீட்டுக் கட்டுக்குப் போய் ஐந்தாம் படியைச் சொடுக்கினால் எல்லாப் பொத்தானும் திறக்கிறது. யாரோ ஒருவர் 1989-இல் எழுதிய மூன்று வரியை மாற்றலாம். மாற்றியது உடனே பதிவாகிவிடும், அந்தக் காலத்து வழக்கப்படியே. ஜன்னலை மூடினால் போய்விடும், ஏனென்றால் அது பதிவாகிற ஃபிளாப்பி அங்கே கிடையாது. மாற்றம் நிற்க வேண்டும் என்றால் கட்டை இறக்கி, போலி மக்கின்டாஷ் ஒன்றைத் தன் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ள வேண்டும். ஒரு சாயங்கால வேலை. செய்ய நினைப்பவர்கள் 'இனிகோ'விலிருந்து ஆரம்பியுங்கள். அதன் பொத்தான்களில் இரண்டு வரிக்கு மேல் அநேகமாக இருக்காது.